தழும்பு பிடித்த நரம்பு

லண்டன்



எனக்கு டிஸ்க் ஆபரேஷன் செய்த காயம் ஆறிவிட்டது, கால் ஆறவில்லை. இடுப்பிலிருந்து குதிகால் வரை சுள்ளென்று இழுக்கிறது, ராத்திரியில் காந்துகிறது. “டிஸ்க் திரும்பப் பிதுங்கியிருக்கும், இன்னொரு தடவை ஆபரேஷன் பண்ணிடு” என்று மதுரையிலிருந்து அக்கா போனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

காடோலினியம் ஊசி போட்டு எடுத்த எம்.ஆர்.ஐ. படம் வேறு கதை சொன்னது. பிதுங்கிய டிஸ்க்கில் அந்த மருந்து உடனே ஏறாது. தழும்பில் ரத்தக் குழாய்கள் இருப்பதால் அது பளிச்சென்று தெரியும். என் நரம்பு வேரைச் சுற்றிப் படர்ந்திருந்தது தழும்புதான். முதுகில் கத்தி வைத்தால் உள்ளே தழும்பு வரத்தான் செய்யும். பலருக்கு அது வலிப்பதேயில்லை. அதை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் புதுத் தழும்பு வளரும். அதனால்தான் இங்கே சர்ஜன் கையை விரித்துவிட்டு, வலி கிளினிக்குக்கு அனுப்பினார்.

அங்கே மாத்திரை, ஃபிசியோதெரபி, கூடவே உளவியலாளர். (உளவியலாளர் வருவதால் வலி கற்பனை என்று அர்த்தமில்லை.) நரம்பு வலிக்குத் தரும் கேபாபென்டினும் ப்ரீகாபலினும் பிரிட்டனில் 2019 முதல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். தூக்கம் அசத்தும், பழகிப்போகும், சட்டென்று நிறுத்தவும் கூடாது. நம்மூரில் ப்ரீகாபலின் பி12 வைட்டமினோடு ஒரே மாத்திரையாகக் கிடைக்கிறது. அக்கா அதைச் சத்து மாத்திரைக் கணக்கில்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறாள்!

மருந்து போதாதவர்களுக்குத் தண்டுவடத் தூண்டி இருக்கிறது. வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில் ஒரு ‘கதவு’ உண்டு என்று 1965இல் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த வால் பிறகு இதே லண்டனில் பேராசிரியராக இருந்தவர். அந்தக் கதவை மின் துடிப்பால் மூடும் எண்ணத்தில் 1967இல் அமெரிக்காவில் டாக்டர் நார்மன் ஷீலி முதல் கருவியைப் பொருத்தினார். இப்போது முதுகெலும்புக்குள் மெல்லிய கம்பி, தோலுக்கடியில் பேட்டரி. இங்குள்ள மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் இதை 2008இல் பரிந்துரைத்தது. ஆனால் வழக்கமான சிகிச்சைக்குப் பிறகும் 6 மாதமாவது வலி, நூறு வரை போகும் அளவுகோலில் 50க்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்துப் பலனும் தெரிய வேண்டும். தழும்பை இது கரைக்காது, வலியைத்தான் தணிக்கும். இந்த முன்சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது. முதுகு ஆபரேஷனை அப்படி ஒத்திகை பார்க்க முடியாதே.

இரண்டாவது ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் “காரணம் டிஸ்க்கா, தழும்பா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் திடீரெனத் துவண்டாலோ தாமதிக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.