கட்டுத்துவக்கு ஆளைப் பார்த்து வெடிக்காது



2017 ஜூனில் நமது மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட பாடம் இதுதான்: தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்களிடம் சொல்.

இன்று நமது வயலோரங்களில் ஆபத்து வேறு. பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு, கம்பியில் கால் பட்டதும் வெடிக்கும். வந்தது பன்றியா பிள்ளையா என்று அதற்குத் தெரியாது. தீனிக்குள் மறைக்கும் ஹக்கபட்டாஸும் அப்படித்தான். யானை விரட்ட வாங்கிய வெடியும், அனுமதிப்பத்திரமுள்ள துவக்கும் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் கிடந்தால் அதுவும் ஆபத்துதான்.

ஆசிரியர்களாகிய நாங்கள் "தொடாதே" என்று சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் புல்லுக்குள் கிடக்கும் கம்பி பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாதே! கண்ணிவெடியும் பாடத்தால் போகவில்லை. தோண்டி எடுத்ததால்தான் போனது.

பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்போடு நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பொறுப்பு ஆயுதம் வைத்திருப்பவருக்கே.

விளைச்சலை இழக்கும் விவசாயியின் வேதனை நமக்கும் தெரியும். ஆனாலும் கட்டுத்துவக்கு சட்டவிரோதம். அதைக் கட்டியவரே கழற்றட்டும். துவக்கு அனுமதி வருடாவருடம் புதுப்பிக்கப்படுகிறது; அப்போது பயிற்சியும் பூட்டுள்ள பெட்டியும் கட்டாயமாக்கப்பட வேண்டும். தோட்டாவை வேறிடத்தில் பூட்டி வைக்க எந்தச் சட்டமும் தேவையில்லை, இன்றிரவே செய்யலாம்.

விவசாய அமைப்புகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் அறுவடைக்கு முன் இதைப் பேசுங்கள். அறுவடை தொடங்கினால் நமது பிள்ளைகளும் வாப்பாவோடு வயலுக்கு வருவார்கள்.