புதுக் காரும் தாப்பா சாலையும்

புதுக் கார் வாங்கினால் நம்மவர்கள் முதலில் ஓட்டிப் போகும் இடம் கோயில்தான். நானும் போனேன். கிள்ளானில் எங்கள் வட்டாரக் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். பானட்டின் மேல் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. குருக்கள் தீபாராதனை காட்டினார். அந்தப் பானட்டைத் திறந்து உள்ளே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. புதுக் காரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

பதினொன்றாம் நாள் கேமரன் மலைக்குக் கிளம்பினோம். மீட்டரில் 412 கிலோமீட்டர். நான், மனைவி, அம்மா. வழியில் பீடோரில் மாமாவையும் ஏற்றிக்கொள்வதாகத் திட்டம். மாமா அம்மாவுக்கு அண்ணன். வயது 76. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்த பிறகு லைசென்சைப் புதுப்பிக்கவில்லை. பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பழைய காரை அந்த மலையில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. புதுக் கார் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பத்து நாளில் இரண்டு விஷயங்களைக் கவனித்திருந்தேன். கார் நிற்கும் இடத்தில் தரை நனைந்திருந்தது. ஏர்கண்ட் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டிவிட்டு நிறுத்தினால் லேசாகக் கருகல் வாசம் வந்தது. விற்பனையாளரிடம் கேட்டேன். "புதுக் கார்னா அப்படித்தான் அண்ணே, புகைக்குழாயில பூசின மருந்து எரியுது, போகப் போகச் சரியாயிடும்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. புதுப் புகைக்குழாயின் காப்புப் பூச்சு முதல் சில நாள் சூட்டில் மணக்கத்தான் செய்யும். அந்த ஒரு பதிலோடு நான் நிம்மதியாகிவிட்டதுதான் தப்பு.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கையேடு சொன்னபடி ஓட்டினேன். முதல் 1,000 கிலோமீட்டருக்கு முழு வேகம் கூடாது, ஒரே வேகத்தில் வெகுநேரம் போகவும் கூடாது. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் படிய வேண்டுமாம். ஆகவே 80, 95, 85, 100 என்று மாற்றி மாற்றிப் போனேன். "என்னங்க, கார் விக்கல் எடுக்குதா?" என்று மனைவி கேட்டாள்.

பீடோரில் மாமா வெள்ளைச் சட்டையோடு வாசலிலேயே காத்திருந்தார். கொய்யாக் கடையில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு பழைய சாலையில் தாப்பா போய், அங்கிருந்து 59ஆம் எண் சாலையில் ஏறினோம்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அந்த 60 கிலோமீட்டரில் நேராக இருக்கும் இடத்தை விரல்விட்டு எண்ணலாம். சிம்பாங் பூலாய் பக்கமிருந்து அகலமான சாலை வந்த பிறகு பலர் அதில்தான் போகிறார்கள். அதற்கு முன் மலைக்கு ஏற இது ஒன்றுதான் தார்ச்சாலை. வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் 1885இல் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்துவைத்தார். இப்போதும் பெயர் பெற்று விளங்கும் தேயிலைத் தோட்டத்தை ஜே.ஏ. ரசல் தொடங்கியது 1929இல். அந்தத் தோட்டங்களில் நம் மக்களின் உழைப்பு எவ்வளவு என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாலை மாறவில்லை. மூங்கில் புதர், ஈரப் பாறை, திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன். மாமாவுக்குக் கண் மங்கல்தான், ஆனால் ஒவ்வொரு வளைவையும் வருவதற்கு முன்பே சொன்னார்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடியை இறக்கினார். மூக்கைச் சுருக்கினார்.

"என்னா வாசம் இது?"

"புதுக் கார் மாமா. பூச்சு எரியுது."

"இது பூச்சு இல்லடா. எண்ணெ கருகுற வாசம். எங்கயாச்சும் நிறுத்து."

லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி பக்கத்தில்தான் இருந்தது. தாப்பாவிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலையோரத்திலேயே பாறைமேல் வழுக்கி இறங்கும் அருவி. எதிரே ஓராங் அஸ்லி மக்களின் கடைகளில் பெத்தாய்க் கொத்துகளும் காட்டுத் தேனும். அந்தக் காலத்தில் லோரி சூடேறினால் இங்கேதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிப்பார்களாம். சமதளமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். எண்ணெய் மேலிருந்து கீழே வடிந்து இறங்கினால்தான் அளவு சரியாகத் தெரியும்.

டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். கம்பியில் இரண்டு புள்ளிகள் இருக்கும். மேல் புள்ளி நிறைவு, கீழ்ப் புள்ளி குறைந்தபட்சம். பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். என் கம்பியில் கீழ்ப் புள்ளிக்கும் கீழே, நுனியில் மட்டும் ஈரம் இருந்தது.

"வெளக்கு எரியலையே மாமா" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

சிவப்பில் எண்ணெய்ச் சாடி போல ஒரு விளக்கு இருக்கிறதே, அது எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும்போது எஞ்சினின் உள்பகுதிகள் எண்ணெயில்லாமல் உரச ஆரம்பித்திருக்கும். பல கார்களில் அளவைக் காட்ட அந்தக் கம்பியை விட்டால் வேறு வழி இல்லை. இன்னும் நாற்பது கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளில், எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்க ஒதுங்க ஏறியிருந்தால்? மாதம் தவறாமல் ஒன்பது வருடம் கட்ட வேண்டிய வங்கிக் கடன் கண்ணுக்குள் வந்து போனது.

விற்பனையாளரை அழைத்தேன். "அண்ணே, யாரையும் தொட விடாதீங்க. வேற எண்ணெ ஊத்தினா வாரண்டி போயிடும். டோ லோரி கூப்பிடுங்க" என்றார். டோ லோரி எப்போது வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுச் சரிவில் உருட்டிக்கொண்டே இறங்கிவிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இரண்டு மிதிக்கு மேல் இறுகிவிடும்.

அப்போது மேலிருந்து ஒரு காய்கறி லோரி இறங்கி வந்தது. மாமா சாலை ஓரத்தில் நின்று கையை ஒரு மாதிரி மேலும் கீழும் ஆட்டினார். அது லோரிக்காரர்களின் சைகை போலும். லோரி நின்றது. ஓட்டுநர் நம் பையன், முப்பது வயதிருக்கும். இருக்கைக்குப் பின்னாலிருந்து பாதி காலியான ஒரு கலனை எடுத்தான். 15டபிள்யூ-40, டீசல் எஞ்சின் எண்ணெய். என் காரின் எண்ணெய் மூடியில் 0டபிள்யூ-20 என்று அச்சடித்திருக்கிறது.

நான் தயங்கினேன். பெட்ரோல் காருக்கு டீசல் எண்ணெயா? வாரண்டி என்னாகும்?

"வயிறு காயுறதுக்குப் பழைய சோறு மேல் இல்லையாடா? தாப்பா போனதும் வடிச்சிட்டு நல்லது ஊத்திக்க."

ஒரு லிட்டர் போல ஊற்றினோம். அந்தத் தம்பி காசு வாங்க மறுத்துவிட்டான். கொய்யாவில் பாதியைக் கொடுத்தோம். காரைத் திருப்பினேன். கோயில் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கும்போது மாமா எதுவும் பேசவில்லை.

தாப்பாவில் ஒரு சீனர் பட்டறை. தவுக்கே காரைத் தூக்கி, அடியில் விளக்கடித்துப் பார்த்தார். எண்ணெய் பில்டரைச் சுற்றி ஒரே ஈரம். கையாலேயே திருகினார். அரைச் சுற்றுக்கு மேல் போனது. தொழிற்சாலையில் இறுக்காமல் விட்டார்களோ, வேறு எங்கோ கழற்றி மாட்டினார்களோ. பத்து நாளாகச் சொட்டி, சூடான புகைக்குழாயில் பட்டுக் கருகியிருக்கிறது. வீட்டுத் தரையில் நான் பார்த்தது ஏர்கண்ட் தண்ணீர் அல்ல. தண்ணீர் காய்ந்தால் தடம் இருக்காது. எண்ணெய் கறையாக நிற்கும், மேலே தண்ணீர் பட்டால் வானவில் போல மின்னும். குனிந்து தொட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பழைய எண்ணெயை வடித்தார்கள். மாமா அதில் விரலை விட்டு வெயிலில் காட்டினார். நுண்ணிய வெள்ளிப் பொடி போலச் சிறு மினுமினுப்பு. எனக்குப் பகீரென்றது. புது எஞ்சின் படியும்போது இவ்வளவு வரும், நகத்தில் தட்டுப்படுகிற துணுக்கு இருந்தால்தான் பயம் என்றார் தவுக்கே. முதல் ஆயிரத்தில் 'மின்யாக் ஈத்தாம்' மாற்று என்று அந்தக் காலத்தவர்கள் சொல்வது இதற்காகத்தானாம்.

புது எண்ணெயை ஊற்றும்போது மாமாவுக்கும் தவுக்கேவுக்கும் மலாயில் ஒரு வாக்குவாதம். 0டபிள்யூ-20 தண்ணீர் மாதிரி இருக்கிறது, நம் ஊர் வெயிலுக்கும் மலைக்கும் கெட்டி எண்ணெய்தான் சரி என்பது மாமாவின் கட்சி. 'டபிள்யூ' என்றால் குளிர்காலம், குளிர்காலமே இல்லாத நாட்டில் அது எதற்கு என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். தவுக்கே பொறுமையாகச் சொன்னார். முன்னால் உள்ள எண் எஞ்சின் ஆறியிருக்கும்போது எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித் தன்மைக்கு. நம் ஊர்க் காலை நேரத்து 25 டிகிரிகூட அந்த 100க்குப் பக்கத்தில் குளிர்தான். கிளப்பிய சில நொடியில் எண்ணெய் மேலே ஏற வேண்டும். இந்தக் கால எஞ்சின்களின் இடைவெளிகளும் பம்பும் மெல்லிய எண்ணெயைக் கணக்கிட்டுச் செய்தவை. "அங்கிள், இது பெட்போர்ட் லோரி இல்லை" என்று முடித்தார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஊற்ற விட்டார். மூன்றரை லிட்டர்தான் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஊற்றி அளந்தார்கள். கூடிப்போனாலும் உள்ளே நுரைத்துக் கெடுக்குமாம்.

ரசீதில் எண்ணெயின் தரம், மீட்டர் எண், தேதி எல்லாம் எழுதி வாங்கினேன். தளர்ந்த பில்டரைப் படமும் எடுத்தேன். இது பின்னால் உதவியது. அடுத்த வாரம் நிறுவனத்தின் சேவை மையத்தில் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். ரசீதையும் படத்தையும் பார்த்த பிறகு பில்டரைப் புதிதாக மாற்றி, வாரண்டிப் பதிவேட்டிலும் எழுதிக் கொடுத்தார்கள். காரை ஒப்படைத்த நாளில் நான் கையெழுத்திட்ட பட்டியலைக் காட்டச் சொன்னேன். 'எஞ்சின் எண்ணெய் அளவு' என்ற வரிக்கு நேரே அழகாக ஒரு சரிக்குறி இருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன பதில் ஒன்றுமில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி ஏறினோம். லாத்தா இஸ்கந்தாரில் நிறுத்தி அளவு பார்த்தோம். ரிங்லெட்டில் இன்னொரு முறை. அணை தேக்கிய ஏரி செம்மண் கலங்கிக் கிடந்தது. தானா ராத்தா போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அங்கே 1,400 மீட்டருக்கு மேல் உயரம், நல்ல குளிர். கோயில் நடை சாத்தியிருக்கும், காலையில் பார்க்கலாம் என்று விடுதியில் தங்கினோம்.

படுக்கும் முன் மாமா என்னிடம் பழைய பத்திரிகை கேட்டார். கையிலிருந்தது ஞாயிறு இதழ்தான். அதை விரித்து எஞ்சினுக்கு நேர் கீழே தரையில் போட்டு, காற்றில் பறக்காமல் நான்கு மூலைக்கும் கல் வைத்தார்.

காலை ஆறு மணிக்கு அவர்தான் என்னை எழுப்பினார். பனியில் தாள் லேசாக நமுத்திருந்தது. நடுவில் மிளகு அளவில் ஒரே ஒரு கறை. அடித்தகட்டில் முன்பே ஒட்டியிருந்தது சொட்டியிருக்கும் என்றார். கம்பியை உருவிப் பார்த்தோம். மேல் புள்ளியில் அப்படியே இருந்தது.

"சரி, குளிச்சிட்டு வா. கோயிலுக்குப் போவோம். எறங்கும்போது பிரேக்க மிதிச்சிக்கிட்டே வராத. சின்ன கியர்ல போட்டு எஞ்சினப் பிடிச்சி எறக்கு."

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள். மாமா வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு, கடைசியாகக் கார் நம்பரையும் சொன்னார்.