லாப்டாப் வேண்டாமே!

2005ல் அமெரிக்காவில் இருந்தபோது கிராண்ட் கேன்யன் பார்க்கக் கிளம்பினோம். கைக்குழந்தை, பால் பாட்டில், துணி மூட்டை... "லாப்டாப் வேற எதுக்குங்க?" என்றேன். 'ட்ரியோ 650' வாங்கினார். 178 கிராம்தான்! போன், ஈமெயில், குறிப்பேடு எல்லாம் அதிலேயே. பழைய கையடக்கக் கருவிகளில் சார்ஜ் தீர்ந்தால் பதிந்தது போய்விடும், இதில் போகாது.

தெற்கு விளிம்பில் நின்றோம். சுமார் 1.6 கிலோமீட்டர் ஆழம். செக்கச்செவேலென்று பாறை அடுக்குகள்! அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல். சிக்னலே இல்லை. நல்லவேளை, டாக்டர் சொன்ன மருந்தளவும் அவர் நம்பரும் குறிப்பேட்டில் இருந்தன. விடுதி போனில் அவரிடம் கேட்டே கொடுத்தேன். விடிவதற்குள் காய்ச்சல் தணிந்தது.

இன்று ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆனாலும் சகோதரிகளே, அவசியமானதை நெட் இல்லாமல் திறக்கும்படி போனிலும், ஒரு துண்டுத் தாளிலும் எழுதிக்கொண்டே புறப்படுங்கள்!