தாத்தாவின் காரும் ஒரு செம்பு வாஷரும்



இந்த மாதச் சுவர் இதழுக்கு, நாமே கையால் செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதச் சொன்னார் தமிழ் ஐயா. மற்றவர்கள் கூடை பின்னியது, ரவிக்கைக்குக் கொக்கி வைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப் போவது கார் ரிப்பேர். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டு மேலே படிங்க.

எங்கள் வீட்டு வேப்ப மரத்தடியில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நிற்கும். 1989 மாடல், டீசல் வண்டி. தாத்தா அதைப் பழசாகத்தான் வாங்கினார். எங்க தெருவில் நிறைய கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை அதில்தான் ஊர்கோலம் போனார்கள். மல்லாட்டை மூட்டை ஏத்திக்கொண்டு செஞ்சி கமிட்டிக்கும் போயிருக்கிறது. அம்பாசிடர் கார் மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்ற ஊரில் தயாரானது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்துச் செய்தது. 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்திட்டாங்க. அதனால் ஏதாவது பாகம் வேணும்னா தாத்தா சென்னை புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கி வருவார். போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் போய் வந்தார்.

இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. டீ கிளாசைப் பிடித்தால் பாதி டீ வேட்டியில்தான். ஸ்பேனரை நட்டில் வைக்க முடியவில்லை. ஒரு நாள் நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். மூணு தடவை ஸ்பேனர் கீழே விழுந்தது. நாலாவது தடவை என் கையில் கொடுத்தார். "நீ போடு பாப்பா, நான் சொல்றேன்" என்றார். அதிலிருந்து அவர் வாய், நான் கை.

முதலில் படித்த பாடம் ஸ்பேனர். இந்த வண்டியில் நட்டு எல்லாம் இஞ்ச் கணக்கு. "இங்கிலீஷ்காரன் நட்டுக்கு இங்கிலீஷ்காரன் ஸ்பேனர்தான்" என்பார் தாத்தா. 7/16 என்று எழுதியிருக்கும். அதை 25.4-ஆல் பெருக்கிப் பார்த்தேன், 11.11 மில்லிமீட்டர் வந்தது. 11-ஆம் நம்பர் ஸ்பேனர் உள்ளே ஏறாது. 12-ஆம் நம்பர் போட்டால் வழுக்கி நட்டு மூலை மழுங்கிடும். பின்னம் எதுக்கு சார் படிக்கணும்னு கணக்கு சாரிடம் ஆறாம் வகுப்பில் கேட்டவள் நான்தான்.

போன பங்குனியில் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் திக்கித் திக்கி ஓடும். டேங்க்கில் இருக்கிற தூசி ஃபீடு பம்ப்பில் உள்ள சின்ன வலையில் அடைச்சிருக்கும் என்றார் தாத்தா. பின்னால் இருக்கிற டேங்க்கிலிருந்து டீசலை முன்னால் இழுத்துக் கொடுப்பது அந்தப் பம்ப்தான். அப்பாவுக்கு ஏற்கெனவே எரிச்சல். 15 வருஷம் தாண்டின காருக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. "இன்னொரு தடவை வழியில நின்னா காயலான் கடைதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். தாத்தா ஒன்றும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பம்ப்பைக் கழற்றி, வலையை டீசலில் பிரஷ் போட்டுக் கழுவினேன். பம்ப்புக்கு வரும் பைப்பை ஒரு போல்ட் பிடித்திருக்கும். அந்தப் பைப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு செம்பு வாஷர். புது வாஷர் இல்லாததால் பழசையே தாத்தா அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடச் சொன்னார். இரும்பைக் காய்ச்சித் தண்ணியில் போட்டால் கெட்டியாகும்னு படிச்சிருக்கோம். செம்பு அப்படி இல்லை, மெத்துனு ஆயிடும். மெத்துனு இருந்தால்தான் முறுக்கும்போது அழுந்தி இடுக்கை அடைக்கும். அறிவியல் டீச்சரிடம் கேட்டேன், சரிதான் என்றார்கள்.

இரண்டையும் காய்ச்சித் துடைத்து வைத்தேன். மாட்டும்போது ஒன்று கையிலிருந்து நழுவி மணலில் விழுந்துவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. தாத்தா கட்டிலில் உட்கார்ந்து, "ரெண்டு வாஷரும் போட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

"போட்டேன் தாத்தா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்பவும் தெரியவில்லை. தொலைச்சுட்டேன்னு சொன்னால் இனிமேல் ஸ்பேனரைத் தர மாட்டாரோ என்று பயந்திருப்பேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஒரு வாஷரே போதும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தையை செஞ்சி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வலி இன்னும் எடுக்கவில்லை, ஆனால் டாக்டர் அன்று வந்து சேரச் சொல்லியிருந்தார். அப்பா ஓட்டினார், முன்னால் தாத்தா, பின்னால் அத்தை, ஆயா, நான். செஞ்சிக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி குலுங்கி நின்றுவிட்டது. தூரத்தில் ராஜகிரி மலை தெரிந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்ச அதே கோட்டைதான். அன்றைக்கு அதைத் திரும்பிப் பார்க்கக்கூட எனக்கு மனசில்லை.

நல்ல வெயில். அத்தையைப் புளிய மரத்தடியில் உட்கார வைத்தோம். கால் ரெண்டும் வீங்கியிருந்தது. வலி எடுத்தா 108-க்குப் போன் பண்ணிடலாம் என்று ஆயா சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்பா பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்" என்றார்.

தாத்தா ஃபில்டர் மேலே இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தச் சொன்னார். தளர்த்திவிட்டுப் பம்ப்பைக் கையால் அடித்தேன். டீசல் நுரை நுரையாக வந்தது. ஏர் பிடிச்சிருக்கு. கிணத்து மோட்டாரில் காத்து புகுந்தால் தண்ணி ஏறாதில்லையா, அதே மாதிரிதான் இதுவும். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. டீசல் நல்ல அழுத்தத்தோடு பீய்ச்சினால்தான் சூடான காற்றில் தானாகப் பற்றும். நடுவில் காற்று இருந்தால் அழுத்தம் எல்லாம் அந்தக் காற்றை அமுக்குறதிலேயே போயிடும்.

"எங்கேருந்து காத்து இழுக்குது?" என்று தாத்தா தனக்குத்தானே கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எனக்குத்தான் ஞாபகம் பத்தலைப்பா, ஏதோ தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். வித்துடு" என்றார்.

அதைக் கேட்டதும் என்னால் நிற்க முடியவில்லை.

"தாத்தா, வாஷர் ஒண்ணுதான் போட்டேன். இன்னொண்ணு மணல்ல விழுந்துட்டுது" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அப்பா கையை ஓங்கவில்லை. "வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்னடி?" என்றார். அதுவே அடி வாங்கின மாதிரிதான் இருந்தது. தாத்தா முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் குரல் மட்டும் கேட்டது: "எந்தப் பக்கம் கண்ணு? மேலயா, கீழயா?"

கீழே. பம்ப்புக்கு முன்னால் இருக்கிற இடம் அது. அங்கே டீசலை உறிஞ்சுவதால் ஓட்டை இருந்தாலும் வெளியே ஒழுகாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற மாதிரி. ஒழுகாததைப் பார்த்து நான் ஏமாந்தது அதனால்தான்.

அத்தையின் ஆஸ்பத்திரிப் பையில் ஒரு புது சோப்பு இருந்தது. குழந்தையைப் போர்த்த வெச்சிருந்த பழைய நூல் புடவையும் இருந்தது. தாத்தா இரண்டையும் கேட்டார். "ஓரமாக் கிழி, நடுவுல கிழிக்காதே" என்றார் அத்தை. அந்த வெயிலில் அவர் மட்டும்தான் சிரித்தார். புடவை நூலைப் பிரித்து முறுக்கி, சோப்பை ஈரமாக்கிக் குழைத்து அதில் தடவி, வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் சுற்றிப் போல்ட்டை முறுக்கினேன். சோப்பு தண்ணீரில்தான் கரையும், டீசலில் கரையாது.

அப்புறம் ஏர் எடுத்தோம். முதலில் பம்ப் லீவர் அழுந்தவே இல்லை. என்ஜின் நின்ற நிலையில் உள்ளே இருக்கிற கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் என்று தாத்தா சொல்ல, அப்பா ஒரு தடவை சாவியைத் திருப்பி என்ஜினைச் சுத்தவிட்டார். பிறகு அழுந்தியது. கட்டை விரலால் அடித்தேன், அடித்தேன், விரல் தோல் உரிந்துவிட்டது. நுரை குறைந்து, குமிழி குறைந்து, டீசல் தெளிவாக வந்ததும் ஸ்குரூவை இறுக்கினேன். மேல் பம்ப்பிலும் அப்படியே. கடைசியில் இன்ஜெக்டர் பைப் நட்டு இரண்டைத் தளர்த்தி அப்பாவைச் சாவி போடச் சொன்னார் தாத்தா. டீசல் துளித்தது, இறுக்கினேன். ஹீட்டர் போட்டுக் காத்திருந்து மறுபடி சாவி போட்டதும் வண்டி கரும்புகை விட்டுக் கொண்டு ஸ்டார்ட் ஆனது.

முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வழியில் யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தையைச் சேர்த்தோம். மறுநாள் விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம். ஓரம் கிழிஞ்ச அந்தப் புடவையில்தான் குழந்தையை என் மடியில் வைத்தார்கள். லேசாகச் சோப்பு வாசனை அடித்தது, டீசல் வாசனையும்.

தாத்தா இரண்டு நாள் என்னிடம் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் கட்டிலில் உட்கார்ந்து, "அந்த 7/16-ஐ எடுத்துக்கிட்டு வா பாப்பா" என்றார். அப்பா திண்டிவனத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தில் புது வாஷர் வாங்கி வந்திருந்தார். பத்து இருந்தது. நூலை எடுத்துவிட்டு இரண்டைப் போட்டேன். மாட்டுவதற்கு முன்னால் தாத்தா உள்ளங்கையில் வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

வண்டியை விற்பதா வேண்டாமா என்று அப்பா இன்னும் சொல்லவில்லை. மறுபதிவுக்கு நாலு மாசம் இருக்கிறது. வேப்ப மரத்தடி மணலை இரண்டு தடவை சல்லடையில் சலித்துப் பார்த்துவிட்டேன். ஒரு பழைய ஐந்து பைசாவும் ஆயாவின் ஊக்கும் கிடைத்தது. வாஷர் கிடைக்கவில்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி