'விதியில் இல்லையே மச்சி!' - ஒரகடம் அறையில் ஒரு பகடைப் பஞ்சாயத்து

ஒரகடத்தில் ஒரு மாடி அறை. நான்கு பேர். நால்வரும் டிப்ளமோ முடித்துவிட்டு, சுற்றியுள்ள கார், உதிரிபாகத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். ஒருவனுக்கு 'ஏ' ஷிப்ட் என்றால் இன்னொருவனுக்கு நைட் ஷிப்ட். எல்லோரும் ஒன்றாக விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்று பாயை விரித்து 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆடுவார்கள்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் கொண்டுவந்த விளையாட்டு இது. காய் நகர்த்துவதைவிடப் பேச்சுதான் அதிகம். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம். 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்ல வேண்டும். நடக்குமா, நடக்காதா என்று சந்தேகம் வந்தால் 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். இந்த அறையில் பகடை, மொபைல் ஆப்தான்.

அன்றைக்குக் குகையில் ஒரு கோப்ளின் பிடிபட்டது. நம்மூர்க் குட்டிச்சாத்தான் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். "வழியைச் சொல்லிடு, விட்டுடுறோம்" என்றான் வீரன். அதுவும் சொல்லிவிட்டது. உடனே திருடனாக ஆடியவன், "நான் அதோட கழுத்தை அறுக்கிறேன்" என்றான்.

"டேய், நான் வாக்குக் கொடுத்திருக்கேன்டா!"

"நீதானே கொடுத்தே? நான் கொடுக்கலையே. கூடாதுன்னு விதியில எங்க இருக்கு, காட்டு மச்சி."

கதைசொல்லி போனில் தேடினான். இந்த விளையாட்டில் நல்லவன், கெட்டவன் கணக்கு உண்டு. முதலில் ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என மூன்றுதான். 1970-களின் இறுதியில் நன்மை, தீமையும் சேர்ந்து ஒன்பது வகையாகிவிட்டது. பழைய விதிப்படி, தர்ம வீரன் ஒருவன் தெரிந்தே தீமை செய்தால் அவன் சக்தி போய்விடும். ஆனால், இங்கே கொன்றது அவன் இல்லையே!

வீரனாக ஆடியவன் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் பேச்சில்லை. கற்பனைக் குட்டிச்சாத்தானுக்காகவா இவ்வளவு கோபம் என்று சிரிப்பு வரலாம். ஆனால், இந்த அறைக்காக ஹவுஸ் ஓனரிடம் நாலு பேர் சார்பிலும் வாக்குக் கொடுத்தவன் அவன்தான். வாடகை தள்ளிப்போனால் அவனுக்குத்தான் போன் வரும்.

கதைசொல்லிக்குச் செய்யாறு பக்கம் சொந்த ஊர். அங்கே கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. துகில் நடக்கும் ராத்திரியை அவன் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறான். யோசித்தால், அதுவும் பகடை விதி பற்றிய தகராறுதான். பணயம் துரியோதனனுடையது, உருட்டுவது சகுனி. ஒருவருக்காக இன்னொருவர் ஆடுவது முறையில்லை என்று வியாச பாரதத்தில் தர்மரே தொடக்கத்தில் சொல்கிறார். சொல்லிவிட்டு, உட்கார்ந்து ஆடவும் செய்கிறார்!

பாஞ்சாலி கேட்டதும் விதியைத்தான். 'தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா, அதற்கு முன்பா?' பீஷ்மர், தர்மம் நுட்பமானது என்று நழுவினார். விதி தெரிந்தவர்களுக்கு அந்தச் சபையில் பஞ்சமே இல்லை. ஆனால், கௌரவர்களில் இளையவனான விகர்ணன்தான் எழுந்து, இது செல்லாது என்றான். அவனையும் கர்ணன் அடக்கிவிட்டான்.

அடுத்த ஞாயிறு, சமாதானம் பேசி நால்வரும் உட்கார்ந்தார்கள். கதைசொல்லி யாருக்கும் தண்டனை தரவில்லை. கதை ஒரு கோட்டை வாசலுக்கு வந்தது. காவலுக்கு ஒரு கோப்ளின். "உள்ளே விடு, ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்று திருடன் பகடையை உருட்டினான். 19!

"நல்லாத்தான் பேசினே. ஆனா அவன் உன்னைப் பார்க்கல, வீரனைப் பார்க்குறான். 'என் தம்பிக்கும் இவர்தானே வாக்குக் கொடுத்தார்?'னு கேக்குறான்" என்றான் கதைசொல்லி.

"அப்போ என் 19?"

"விதியில தேடிப் பாரு மச்சி."

திருடன் போனைக் கையில் எடுத்தான். எதையும் தேடாமல் பாயில் வைத்தான். "கொன்னது நான்தான்னு அவன்கிட்ட சொல்றேன்" என்றான்.

நைட் ஷிப்ட் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.