கற்சிலைமடுக் கல்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும்போது, ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் சற்று இறங்கிப் பாருங்கள். குளமும் வயலுமான வன்னியின் தலைவர் பண்டாரவன்னியன், 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயரை விரட்டியவர். அவருக்காக வேலேந்தியவர்கள் அதற்கு முன் ஏர் பிடித்தவர்கள்தாமே! அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் வான் டிரிபர்க்கின் படை இங்கே அவரைத் தோற்கடித்தது. அந்த இடத்தை நமக்குக் காட்டியது ஆங்கிலேயர் தம் வெற்றிக்கு நட்ட கல்தான். 2010இல் அதுவும் உடைக்கப்பட்டது.

1990 ஒக்டோபரில் இம்மாவட்டத்து முஸ்லிம்களாகிய நாங்கள் வெளியேற்றப்பட்டோம். திரும்பி வந்தபோது வயலெல்லாம் காடு. உம்மும்மா அடிக்கடி சொல்லும் வரம்போரப் பாலைமரத்தை வைத்தே எங்கள் முப்பாட்டனாரின் வயலைக் கண்டுபிடித்தேன்.