மோகினித் தீவில் தங்கிவிட்டவர்கள்

ஜனக்புரியில் டிசம்பர் வெயில் அதிக நேரம் நிற்காது. டி.டி.ஏ. குடியிருப்பின் மொட்டை மாடியில் பதினோரு மணிக்குப் பாயை விரித்தால் மூன்று மணிக்குச் சுருட்டிவிட வேண்டும். 1991 குளிர்காலத்தில் அந்த நான்கு மணி நேரத்தை மத்திய அரசு ஊழியர் ஒருவர் ஞாயிறுதோறும் தன் தாய்க்காக ஒதுக்கினார். புரை விழுந்த கண்களால் அம்மாவுக்குப் படிக்க முடியவில்லை. மகன் படிக்க, அவர் வேர்க்கடலை உரித்தபடி கேட்பார்.

மகன் எடுத்தது கல்கியின் 'மோகினித் தீவு'. 'பொன்னியின் செல்வன்' தொடங்கிய 1950-ஆம் ஆண்டிலேயே வந்த சிறு நாவல் இது. ராஜா, ராணி, காதல், மர்மம் எல்லாம் உண்டு. அளவிலும் சிறியது, இரண்டு மூன்று ஞாயிறுகளில் முடிந்துவிடும்.

பதினான்கு வயதில் அதை முதலில் படித்தபோது அவரைக் கட்டிப்போட்டது காதல்தான். சிற்பி வேடத்தில் மதுரைக்கு வரும் சோழ இளவரசன் சுகுமாரன், அவனிடம் மனதைப் பறிகொடுக்கும் பாண்டிய இளவரசி புவனமோகினி. இவர்கள் கதையை நிலவொளியில், யாருமற்ற தீவில், ஓர் ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். நடுநடுவே செல்லச் சண்டை வேறு. கடைசியில்தான் வாசகருக்குச் சில்லிடுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கதையை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் இந்த இருவர் யார்? இவர்கள் மனிதர்கள்தானா?

கதை கேட்டவர், இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து கப்பலில் தப்பி வந்த ஒரு தமிழர். அந்தக் கப்பல்தான் வழியில் தீவருகே ஒதுங்குகிறது. சிறுவயதில் மகன் அவசரமாகப் புரட்டித் தள்ளிய பக்கங்கள் அவை. அம்மா நிறுத்தியது அங்கேதான்.

"ஏம்ப்பா, கப்பல்ல சோறு என்ன போட்டாங்கன்னு எழுதியிருக்காரா?"

"இல்லம்மா."

"தண்ணிக்கு அடிச்சுக்கிட்டதை?"

மகன் நிமிர்ந்து பார்த்தார். அம்மா ரங்கூனில் பிறந்தவர் என்பது தெரியும். அதற்குமேல் வீட்டில் யாரும் பேசியதில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. அந்தச் சில மாதங்களில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிறு பகுதிதான். மற்றவர்கள் அரக்கான் மலைகள் வழியாகவும், மணிப்பூர், அஸ்ஸாம் காடுகள் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மடிந்தார்கள். தமிழர் வரலாற்றின் பெருந்துயரங்களில் ஒன்று இது. ஆனால் பள்ளிப் புத்தகங்களில் அதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

கல்கி எழுதியது சரித்திர நூல் அல்ல, மோகினிக் கதை. ஆனால் நம்ப முடியாததை நம்பவைக்க அவருக்கு நம்பக்கூடிய ஒரு வாசல் தேவைப்பட்டது. செய்தித்தாளில் எல்லோரும் படித்த பர்மா கப்பலை வாசலாக வைத்தார். பெரும்பாலான வாசகர்கள் அந்த வாசலைத் தாண்டி அரண்மனைக்குள் ஓடிவிட்டார்கள். ஜனக்புரி அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை வெயில் போன பிறகும் பாய் சுருட்டப்படவில்லை. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. கப்பலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் இடம் கிடைத்தது. பதினாறு வயது அண்ணன் தெருக்காரர்களோடு நடந்து வருவதாகச் சொல்லிவிட்டு நின்றுகொண்டான். வரவே இல்லை. எங்கே, எப்படி என்று சொல்லவும் ஆளில்லை. சாவுச் செய்தி வராததால் வீட்டில் காரியம் செய்யவில்லை. பெயரைச் சொன்னால் பாட்டி அழுவாள் என்று பெயரும் நின்றுபோனது. தனக்கு ஒரு மாமா இருந்தார் என்பதும் அவர் பெயரும் மகனுக்குத் தெரியவந்தது முப்பத்தாறாவது வயதில், அந்த மொட்டை மாடியில்தான்.

அடுத்த ஞாயிறு நாவல் முடிந்தது. "அவங்க ரெண்டு பேரும் ஆவிங்கதான்மா, அதான் கதையோட மர்மம்" என்று மகன் விளக்கினார்.

"ஆவின்னு ஏன் சொல்றே? திரும்பி வர முடியாதவங்க. அங்கேயே தங்கிட்டாங்க" என்றார் அம்மா.

அந்த வருடம் தை அமாவாசைக்கு அவர் முதல் முறையாக மாமாவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அம்மா இப்போது இல்லை. எழுபதைத் தொட்டுவிட்ட மகனிடம் பேத்தி பேய்க்கதை கேட்கிறாள். அவர் புத்தகத்தை எடுத்து, ஒரு வரிகூட விடாமல், கப்பலில் இருந்து படிக்கத் தொடங்குகிறார்.